யாக்கோபு: பெயரும் பொருளும் சமுதாயமும்

1. பிரச்சினை

ஆதியாகமத்தின் ஐம்பது அதிகாரங்களிலே இருபத்தைந்தாம் அதிகாரம் தொட்டு இறுதி வரையுள்ள பகுதி, நேராகவோ மறைமுகமாகவோ ஒரு மனிதனின் வாழ்க்கையையே பொருளாகக் கொண்டது. அம்மனிதன் யாக்கோபு. ஆபிரகாமின் பேரனாகவும் ஈசாக்கின் மகனாகவும் இசுரவேலின் பன்னிரு குலங்களுக்கும் தந்தையாகவும் எபிரேய மரபு அவனைப் போற்றுகின்றது. யூதர், கிறித்தவர், இசுலாமியர் ஆகிய முத்திறத்தாருக்கும் அவன் பொதுவானவன். எமது நாட்டிலே சீர்திருத்தச் சபையார் யாக்கோபு என்றும், கத்தோலிக்கர் அப்பெயர் பூண்ட அப்போத்தலரை யாகப்பர் என்றும், முசிலிம் மக்கள் யாக்கூப் என்றும் வழங்குவன யாவும் ஒரே எபிரேயப் பெயரின் வேறுபட்ட உருவங்களே.

இப்பெயரின் பொருள் யாது என்னும் வினாவுக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை ‘எத்தன்’ என்பதாகும். ‘குதிகாலைப் பிடிப்பவன்’ என்பாரும் உளர். ஒப்பியல் மொழிநூலாரோ ‘இறைவன் காப்பானாக’ என்பதே அதன் மூலப்பொருள் என்பர். எத்தனும் காப்பவனும் ஒரே சொல்லில் எவ்வாறு குடியிருத்தல் கூடும்? அதனினும் முக்கியமானது பிறிதொரு வினா. தன் மூதாதையை ஏமாற்றுக்காரன் எனக் கூறும் பெயர்விளக்கத்தை ஒரு மக்கட்கூட்டம் மறைக்க முற்படாது, தன் புனித நூலிலேயே பொறித்து வைத்தது ஏன்?

பக்திநோக்கில் இதனை அணுகுவோர், எத்தன் திருந்திப் பக்தனானான் எனக் கூறி அமைவர். புராணக் கற்பனையென்று ஒதுக்குவோர் வினாவையே எழுப்புவதில்லை. இவ்விரு நிலைகளும் எமக்கு உடன்பாடல்ல. பெயர்விளக்கக் கதைகள் சமுதாய நினைவின் வடிவங்கள். ஒரு பெயருக்கு எக்காலத்தில் எவர் எப்பொருளைக் கற்பித்தனர் என ஆராயுமிடத்து அச்சமுதாயத்தின் உள்முரண்பாடுகள் துலக்கமுறும். இக்கட்டுரையில் அந்நோக்கிலேயே யாக்கோபின் வாழ்வையும் பெயரையும் நாம் அணுகுகின்றோம்.

2. பெயரின் இரு பொருள்கள்

எபிரேயத்திலே இப்பெயர் ‘யஅகோவ்’ என ஒலிக்கும். அயின், கோஃப், பேத் என்னும் மூன்று மெய்களாலாய வேர் இதற்கு அடிப்படை. அதே மெய்களைக் கொண்ட ‘அகேவ்’ என்னும் பெயர்ச்சொல் குதிகாலைக் குறிக்கும். ரெபேக்காள் இரட்டையரைப் பெற்றபோது முதலில் ஏசா பிறந்தான் என்றும், அவனது குதிகாலைக் கையாற் பற்றியவாறு இளையவன் பிறந்தான் என்றும், அதனாலேயே யாக்கோபு எனப் பெயர்பெற்றான் என்றும் இருபத்தைந்தாம் அதிகாரம் கூறும். இருபத்தேழாம் அதிகாரத்திலே, தந்தையின் ஆசியைப் பறிகொடுத்த ஏசா, இப்பெயரைக் கசப்புடன் மீள விளக்குகின்றான். அவ்விடத்து அதே வேர் ‘குறுக்கே வந்து வீழ்த்துதல், வஞ்சித்தல்’ என்னும் பொருளில் வினையாக நிற்கின்றது. தன்னை இருமுறை வஞ்சித்தவனுக்கு அப்பெயர் பொருந்துமன்றோ என்பது அவன் முறைப்பாடு. எனவே பிறப்பின்போது வெறும் உடற்செயலைச் சுட்டிய பெயர், வாழ்வின்போது ஒழுக்கத்தைச் சுட்டும் பெயராகின்றது.

கதைக்கு வெளியே நாம் காண்பது வேறு. மேற்குச் செமித்தியப் பெயர்வழக்கிலே இறைவன் பெயரோடு வினைமுற்றைச் சேர்த்துப் பெயரிடுதல் பெருவழக்கு. ‘யக்குப்–எல்’ என்னும் வகையைச் சார்ந்த ஆட்பெயர்கள் கி. மு. இரண்டாம் ஆயிரமாண்டின் முற்பகுதி சார்ந்த மெசொப்பொத்தேமியக் களிமண் ஏடுகளிலே கிடைத்துள்ளன. எகிப்தை ஆண்ட ஐக்சோசர் காலத்து முத்திரைகளில் ‘யக்குப்–ஆர்’ என்றொரு பெயர் காணப்படுகின்றது. கி. மு. பதினைந்தாம் நூற்றாண்டினனான மூன்றாம் துத்மோசு கர்நாக்கில் பொறித்த கானான் நாட்டு ஊர்ப்பட்டியலிலும் இதே அமைப்புடைய ஓர் இடப்பெயர் உண்டு. எத்தியோப்பியச் செமித்திய மொழியிலே இவ்வேர் ‘காத்தல்’ என்னும் பொருளில் வழங்குவதைத் துணைகொண்டு, ‘எல் காப்பானாக’ என்பதே இப்பெயர்வகையின் பொருளென அறிஞர் பலர் கொள்வர். இறைவன் பெயர் வழக்கிலே உதிர்ந்தபின் எஞ்சிய குறுவடிவமே யாக்கோபு.

ஆகவே, பிள்ளைக்குக் காவல் வேண்டிப் பெற்றோர் இடும் சாதாரணப் பெயராக இருந்த ஒன்று, அதன் பழம்பொருள் மறைந்த காலத்திலே, ஒலியொப்புமையினாற் குதிகாலோடும் வஞ்சனையோடும் இணைக்கப்பட்டது. மொழிநூலார் இதனைப் பொதுமக்கட் சொல்விளக்கம் என்பர். அது பிழையான விளக்கம் எனக் கூறி மொழிநூல் தன் பணியை முடித்துக்கொள்ளும். இலக்கிய ஆராய்ச்சிக்கோ அங்கேதான் பணி தொடங்குகின்றது. குதிகால் என்னும் சொல்லைக் கொண்டு எத்தனையோ கதைகளைக் கட்டியிருக்கலாம். வஞ்சனைக் கதையை மரபு தேர்ந்தெடுத்தது தற்செயலாகாது.

இச்சிலேடை தமிழிலே தோன்றுவதில்லை. 1850இல் வெளிவந்ததும், யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாரும் ஆறுமுக நாவலரும் உழைத்து உருவாக்கியதுமான மொழிபெயர்ப்பிலாயினும் சரி, ஏனைய பதிப்புகளிலாயினும் சரி, பெயர் ஒலிபெயர்ப்பாகவும் குதிகாலும் வஞ்சனையும் தனித்தனித் தமிழ்ச்சொற்களாகவும் நிற்கின்றன. எனவே தமிழ் வாசகன் காரணத்தை அறிவானேயன்றி அதனைச் செவியால் உணரான். எபிரேயச் செவிக்கோ அது ஒரே ஓசையின் மூன்று அடிகள்.

3. தலைமகன் உரிமை

யாக்கோபு பறித்துக்கொண்டவை இரண்டு. ஒன்று ‘பெகோரா’ எனப்படும் தலைமகன் உரிமை. மற்றொன்று ‘பெராகா’ எனப்படும் ஆசி. ஈரெழுத்து இடம்மாறினால் ஒன்று மற்றொன்றாகும் இச்சொற்களின் நெருக்கமும் கதைக்கு உறுதுணையாயிற்று. முன்னையதைப் பசித்து வந்த தமையனிடம் பயற்றங்கூழுக்கு வாங்கினான். பின்னையதைத் தாயின் தூண்டுதலால், ஏசாவின் ஆடையை உடுத்தும், வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கைகளிலும் கழுத்திலும் போர்த்தும், கண்ணொளி மங்கிய தந்தையிடம் பெற்றான்.

தலைமகன் உரிமை வெறும் கௌரவமன்று, சொத்துரிமையாகும். தந்தையின் உடைமையில் மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு உண்டென உபாகமம் 21ஆம் அதிகாரம் விதிக்கின்றது. விருப்பமற்ற மனைவியின் மகனேயாயினும் மூத்தவன் மூத்தவனே என்றும் அவ்விதி வற்புறுத்தும். நிலமும் மந்தையும் குடும்பத்தின் உற்பத்திச் சாதனங்களாயிருந்த சமுதாயத்திலே, அவை சிதறாமற் காக்கும் ஏற்பாடு அது. எனினும் ஆதியாகமக் கதைகள் இவ்விதிக்கு எதிராகவே நடக்கின்றன. இசுமவேலை விட ஈசாக்கும், ஏசாவை விட யாக்கோபும், அண்ணன்மாரை விட யோசேப்பும், மனாசேயை விட எப்பிராயீமும் மேன்மை பெறுகின்றனர். சட்டம் மூத்தவன் பக்கம்; கதை இளையவன் பக்கம்.

இம்முரண்பாட்டுக்கு அரசியல் முகமொன்று உண்டு. ஏசா ஏதோம் நாட்டவரின் மூதாதையாகவும் கூறப்படுகின்றான். தாவீது ஏதோமை அடிப்படுத்தினான் என்றும், பின்னர் யோராம் காலத்தில் ஏதோம் கலகஞ்செய்து நுகத்தை எறிந்தது என்றும் அரசர் வரலாறுகள் கூறுவனவற்றையே ஈசாக்கின் ஆசிமொழிகள் முன்னறிவிப்பாகப் பேசுகின்றன. ஆகவே அயலவரை மேலாண்மை செய்த அரசொன்றின் நியாயப்பாடு இங்கு ஒலிக்கின்றது என்பதை மறுத்தல் இயலாது. ஆனால் அது மாத்திரமே இதன் பொருளாயின், மூதாதையின் வஞ்சனையை மறைப்பதன்றோ அரசவைப் புலவனின் கடமை? ஏசாவின் அழுகையைக் கதை மறைக்கவில்லை. ஏமாற்றப்பட்டவனின் குரலையும் அது பதிவு செய்கின்றது. அவ்விரட்டைத்தன்மையே இதனை இலக்கியமாக்குகின்றது.

4. லாபானின் மந்தையிலே

தமையனுக்கு அஞ்சி ஆரானுக்கு ஓடிய யாக்கோபு, தாய்மாமன் லாபானிடம் இருபது ஆண்டுகள் உழைத்தான். வெறுங்கையனாய் வந்தவனுக்குப் பெண்ணுக்குரிய பரிசப்பொருள் கொடுக்க வகையில்லை. ஆதலின் ராகேலுக்காக ஏழாண்டு உழைப்பையே பரிசமாக்கினான். மணவிரவில் மூத்தவளாகிய லேயாளை லாபான் மாற்றிக் கொடுத்தான். கேட்டபோது, மூத்தவளுக்கு முன் இளையவளைக் கொடுப்பது தம்மூர் வழக்கமன்று எனப் பதிலிறுத்தான். மூத்தோன் உரிமையை இருளிலே பறித்தவன், மூத்தோள் உரிமையினால் இருளிலே ஏமாற்றப்படுகின்றான். ராகேலுக்காக மேலும் ஏழாண்டும், மந்தைக்கூலிக்காக ஆறாண்டும் உழைத்தான்.

கதையின் மிக யதார்த்தமான பகுதி ஈற்றிலே வருகின்றது. தப்பிச் சென்றவனைத் துரத்திவந்த லாபானிடம் 31ஆம் அதிகாரத்திலே யாக்கோபு கூறும் முறைப்பாடு, பழைய உலக இலக்கியத்திலே உழைப்பாளியொருவனின் வாயிலாக நாம் கேட்கும் அரிய குரல்களுள் ஒன்று. பகலில் வெயிலும் இரவிற் குளிரும் தன்னை வாட்டியதையும், தூக்கம் கண்ணைவிட்டு அகன்றதையும், கூலி பத்துமுறை மாற்றப்பட்டதையும் அவன் எடுத்துரைக்கின்றான். காட்டுவிலங்கு பீறிய ஆட்டைக் கொண்டுவந்து காட்டாமல் தானே ஈடுசெய்ததாகவும், பகலிலோ இரவிலோ களவுபோனதற்கும் தன்னிடமே கணக்குக் கேட்கப்பட்டதாகவும் கூறுகின்றான்.

இவை வெறும் உணர்ச்சிமொழிகளல்ல, தொழிலொப்பந்தத்தின் மொழி. கி. மு. பதினெட்டாம் நூற்றாண்டினதான அம்முராபியின் சட்டத்தொகுதி, சிங்கம் கொன்ற ஆட்டுக்கு இடையன் ஆணையிட்டுத் தன் குற்றமின்மையை நிறுவினால் இழப்பு உடைமையாளனையே சாரும் என்கின்றது (266). இடையனின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை மாத்திரமே அவன்மேற் சுமத்துகின்றது (267). யாத்திராகமம் 22ஆம் அதிகாரமும், பீறுண்டதைச் சாட்சியாகக் கொண்டுவந்தால் ஈடுசெய்ய வேண்டியதில்லை என விதிக்கும். சிங்கத்தின் வாயிலிருந்து இரண்டு கால்களையோ காதின் துண்டையோ இடையன் மீட்பதாக ஆமோசு உவமிப்பதும் இவ்வழக்கத்தை நினைந்தே போலும். பழைய பாபிலோனிய மேய்ச்சல் ஒப்பந்தமொன்றை இப்பகுதியோடு ஒப்பிட்டு பிங்கெல்சுரைன் என்னும் ஆய்வாளர் 1968இல் எழுதியுள்ளார். எனவே யாக்கோபு வேண்டுவது கருணையன்று. வழக்கம் உடைமையாளன்மேற் சுமத்திய இழப்பையும் லாபான் உழைப்பாளியின் தலையில் ஏற்றினான் என்பதே குற்றச்சாட்டு.

இவ்விடத்து யாக்கோபை இலட்சியப்படுத்தவும் வேண்டியதில்லை. புள்ளியும் வரியுமுள்ள குட்டிகளே தன் கூலி எனப் பேசிய அவன், கோடிட்டு உரித்த மரக்கொம்புகளைப் பொலியும் மந்தையின்முன் நாட்டி, வலிய ஆடுகளைத் தன்பாலும் மெலிந்தவற்றை மாமன்பாலும் ஒதுக்கினான் என 30ஆம் அதிகாரம் கூறும். காட்டிய பொருளின் சாயல் குட்டியிற் படியும் என்பது அக்கால நம்பிக்கை. வலியனவற்றைத் தேர்ந்து பெருக்கினமையோ இடையரின் அனுபவ அறிவு. கூலி மாற்றப்பட்டவன் தந்திரத்தாற் கூலியை மீட்டான். இறுதியில் அவனும் வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் உடையவனாகின்றான். சுரண்டப்பட்டவன் உடைமையாளனாகும் இம்மாற்றத்தைக் கதை ஒளிக்கவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

5. பெயரிடும் அதிகாரம்

பெயர்பற்றிய ஆராய்ச்சியிலே, எவர் பெயரிடுகின்றனர் என்பதும் கவனத்துக்குரியது. பன்னிரு மைந்தருள் பெரும்பாலோருக்குப் பெயரிடுவோர் லேயாளும் ராகேலும் ஆவர். ஒவ்வொரு பெயரும் அவர்தம் துயரையோ போட்டியையோ கூறும். ஆயின் பில்காள், சில்பாள் என்னும் இரு அடிமைப் பெண்கள் நான்கு மைந்தரைப் பெற்றும் ஒருவருக்கேனும் பெயரிடவில்லை. அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் எசமானியரே பெயரிடுகின்றனர். உழைப்பின் பயன் உழைத்தவரைச் சேராமை மந்தையில் மாத்திரமன்று, மகப்பேற்றிலும் காணப்படுகின்றது. யாக்கோபின் முறைப்பாட்டைப் பதிவு செய்த மரபு இவ்விருவர்க்கும் ஒரு வாக்கியமேனும் அளிக்கவில்லை.

உரிமையுள்ள மனைவியரின் நிலையும் வரையறைக்கு உட்பட்டதே. தந்தை தங்களை விற்று, வந்த பணத்தையும் தின்றுவிட்டான் என லேயாளும் ராகேலும் 31ஆம் அதிகாரத்திலே குற்றஞ்சாட்டுகின்றனர். எப்பிராத்தா செல்லும் வழியிலே மகப்பேற்றில் உயிர்நீத்த ராகேல் தன் இறுதி மகனுக்கு ‘பென்–ஓனி’, அஃதாவது ‘என் துயரின் மகன்’ எனப் பெயரிட்டாள். தந்தையோ அதனைப் ‘பென்யமீன்’, ‘வலக்கையின் மகன்’ என மாற்றினான். சாகுந் தாயின் சொல்லை மாற்றும் அதிகாரம் குடும்பத் தலைவனுக்கு இருந்தது. இங்கு பெயர்மாற்றம் ஆணாதிக்கக் குடும்ப அமைப்பின் செயலாகும்.

6. பெனியேல்: இரண்டாவது பெயர்

இவ்வாறு பிறர்க்குப் பெயரிட்டவன் தானும் பெயர்மாற்றத்துக்கு உள்ளாகின்றான். நாடு திரும்பும் வழியிலே, ஏசா நானூறு பேருடன் எதிர்வருவதை அறிந்து, ஐந்நூற்றைம்பது கால்நடைகளைக் கன்றுள்ள ஒட்டகங்களோடு முன்னே காணிக்கையாக அனுப்பினான். அன்றிரவு யாப்போக்கு ஆற்றுத்துறையிலே தனித்திருந்தவனோடு இனந்தெரியாத ஒருவன் விடியுமளவும் மற்போர் புரிந்தான். யஅகோவ் என்னும் பெயரும், யாப்போக்கு என்னும் ஆற்றின் பெயரும், ‘மற்போரிட்டான்’ என்பதற்குரிய எபிரேய வினையும் ஒன்றையொன்று எதிரொலிக்கும் ஓசையுடையன. தொடைச்சந்து சுளுக்கிய நிலையிலும் பிடிவிடாதவன் ஆசி கேட்டபோது, முதலில் அவன் பெயரே வினவப்பட்டது. முன்பு தந்தையின் முன்னே, தான் ஏசா எனப் பொய்யுரைத்து ஆசிபெற்றவன், இப்பொழுது தன் பெயர் யாக்கோபு எனக் கூறி ஆசி பெறுகின்றான். அவ்விடத்தே அவனுக்கு இசுரவேல் என்னும் பெயர் கிடைத்தது.

கடவுளோடும் மனிதரோடும் போராடி மேற்கொண்டமையே அப்பெயருக்குக் கதை கூறும் காரணம். இலக்கண அமைதிப்படி நோக்கின் ‘எல்’ எழுவாயாகும். ‘எல் போராடுவானாக’ அல்லது ‘எல் ஆள்வானாக’ என்பதே பொருந்தும். இங்கும் மனிதனே போராடினான் என எழுவாயை மாற்றிய மரபின் துணிவு வியப்புக்குரியது. மறுநாள் ஏசாவைச் சந்தித்தபோது, தன் காணிக்கையைச் சுட்ட யாக்கோபு வழங்கிய சொற்களுள் ஒன்று ‘பெராகா’. பறித்த ஆசி அதே சொல்லால் மீளக் கையளிக்கப்படுகின்றது.

பெத்தேல், சீகேம், பெனியேல் என யாக்கோபோடு தொடர்புறும் தலங்கள் வட நாட்டைச் சார்ந்தவை. வட அரசின் முதலரசனான யெரொபெயாம் சீகேமையும் பெனூவேலையும் கட்டினான் என்றும் பெத்தேலைத் தன் வழிபாட்டிடமாக்கினான் என்றும் 1 இராசாக்கள் 12ஆம் அதிகாரம் கூறும். எனவே இக்கதைகள் வட நாட்டிலே உருவாகி, கி. மு. 722 அளவிற் சமாரியா வீழ்ந்தபின் தென்னாட்டு யூதாவிற் பேணப்பட்டன என ஆய்வாளர் பலர் கருதுவர்.

7. பெயர் ஆயுதமாதல்

வட அரசின் இறுதிக் காலத்தினரான ஓசியா தீர்க்கதரிசி, தம் நூலின் 12ஆம் அதிகாரத்திலே, கருப்பையிலே குதிகாலைப் பிடித்தமை, மற்போர், பெத்தேல், மனைவிக்காக ஆடு மேய்த்தமை ஆகியவற்றை நினைவூட்டுகின்றார். அவற்றின் நடுவே அவர் வைப்பது கள்ளத்தராசு ஏந்தி ஒடுக்கும் வணிகனின் சித்திரம். தான் செல்வனாகிவிட்டதாகப் பெருமிதங்கொள்ளும் எப்பிராயீமின் சித்திரம். மூதாதையின் வஞ்சனை இங்கு சமகாலச் செல்வரின் வஞ்சனையாகின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின்பின், எருசலேமின் வீழ்ச்சிக்கு முன்னர், எரேமியா இதே வேரை இரட்டித்துச் சகோதரன் சகோதரனை ஏய்ப்பதைக் கண்டிக்கின்றார். குலமரபுச் சமுதாயத்தின் உடன்பிறப்பு உறவுகள் சந்தை உறவுகளாலும் அரசிறையாலும் சிதைந்த காலத்திலே, யாக்கோபு என்னும் பெயர் ஆளுவோரின் முகத்திற்கெதிரே பிடித்த கண்ணாடியாயிற்று.

பாபிலோனியச் சிறையிருப்புக் காலத்திலே நிலைமை தலைகீழாகின்றது. ஏசாயா நூலின் பிற்பகுதி, யாக்கோபே எனத் தோற்ற மக்களை விளித்து ஆறுதல் கூறும். அப்பகுதியின் தொடக்கத்தில் (40ஆம் அதிகாரம்) கோணலானது செவ்வையாகும் என்னும் வாக்கிலே ‘கோணல்’ என்பதற்கு வருஞ்சொல்லும் இவ்வேரினதே. 44ஆம் அதிகாரத்தில் யாக்கோபுக்கு இணையாக வரும் ‘எசூரன்’ என்னும் பெயர் ‘நேர்மையன்’ எனப் பொருள்படும். வஞ்சித்தவனின் பெயர் வஞ்சிக்கப்பட்டோரின் பெயராயிற்று.

8. வரலாறும் கதையும்

யாக்கோபு என்றொரு தனிமனிதன் வாழ்ந்தானா? 1974இல் தோமசு தொம்சனும் 1975இல் வான் சீற்றர்சும் வெளியிட்ட ஆய்வுகளின் பின்னர், முதுபிதாக்களின் காலத்தை நூசி ஏடுகள் கொண்டு கி. மு. இரண்டாம் ஆயிரமாண்டில் நிறுவும் முயற்சி பெரிதும் கைவிடப்பட்டது. அக்கதைகளில் வரும் ஒட்டகம் தென் லெவாந்தில் வளர்ப்பு விலங்காகப் பரவலானது கி. மு. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே என்பது அரபா பள்ளத்தாக்கின் அகழ்வுகளால் தெரியவந்துள்ளது. இசுரவேல் என்னும் மக்கட்பெயரோ கி. மு. 1208 அளவினதான எகிப்திய மன்னன் மெர்நெப்தாவின் கல்வெட்டிலேயே காணப்படுகின்றது. கி. மு. 1200 தொட்டுக் கானான் மலைநாட்டிலே நூற்றுக்கணக்கான சிறு கிராமங்கள் எழுந்தமையையும் தொல்லியல் நிறுவியுள்ளது. நகர அரசுகளின் ஒடுக்குமுறையினின்று விலகிய உழவரும் இடையரும் ஒன்றிணைந்தமையே இசுரவேலின் தோற்றம் என நோமன் கொத்வால்டு 1979இல் வாதித்தார். உழவர் எழுச்சி என்னும் அவரது கருத்து பின்வந்தோராற் பலவாறு மறுக்கப்பட்டதாயினும், அவர் எழுப்பிய சமூகவியல் வினா மறையவில்லை.

பொருளாதார அடித்தளத்தின் நேரடிப் பிரதிபலிப்பாக மாத்திரம் இக்கதையைக் காண்பது எளிமைப்படுத்தலாகும். ஒரே கதை அரசின் நியாயப்பாடாகவும், கூலிக்காரனின் முறைப்பாடாகவும், தீர்க்கதரிசியின் கண்டனமாகவும், அகதியின் ஆறுதலாகவும் வெவ்வேறு காலங்களிற் பயன்பட்டது. நூற்று நாற்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தவனாகக் கூறப்படும் அம்முதியவன், எகிப்திய மன்னன்முன் தன் நாட்கள் சிலவும் தீயவும் எனக் கூறுவதாக 47ஆம் அதிகாரம் அமைந்துள்ளது. அவனும் இறுதியில் ஆட்டிரத்தம் தோய்ந்த ஆடையினால், தான் பெற்ற மைந்தராலேயே ஏமாற்றப்பட்டவன்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். மூதாதையை எத்தன் என ஒப்புக்கொண்ட மரபு தன்னைத்தானே விசாரணை செய்யும் வாய்ப்பைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டது. குற்றமற்ற முன்னோரைக் கற்பித்துக்கொள்ளும் சமுதாயத்துக்கு அவ்வாய்ப்பு இல்லை. பில்காளும் சில்பாளும் பேசாத அம்மரபிலே அவ்விசாரணை முற்றுப்பெறவில்லை என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். அம்மௌனத்தை இனங்காணும் பணி பின்வந்த வாசகரான எம்முடையது.